சீனாவுக்குப் பயந்து பூட்டிய ஏர்

சித்திரை முதல் தேதி காலையில் சங்கரலிங்கம் அண்ணாச்சி செருப்பைக் கழற்றினார். கோவில் வாசலில் அல்ல, சொந்தப் புஞ்சையில்.

இதில் என்ன அதிசயம் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஊர்க்காரர்கள் கேட்க மாட்டார்கள். ஐம்பது வயது வரைக்கும் அண்ணாச்சி வரப்பில்தான் நின்றிருக்கிறார். வரப்பைத் தாண்டி மண்ணில் இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்குச் செருப்பு இரண்டையும் ஜோடி சேர்த்து வரப்பில் வைத்தார். வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டினார். கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கரிசல் கட்டிமேல் கால் வைத்து, முகத்தைச் சுளித்து, சுளித்ததை உடனே சரிசெய்துகொண்டார்.

ஊரே கூடி நின்றது. சிரிப்பதற்கு எல்லாத் தகுதியும் அந்தக் காட்சிக்கு இருந்தது. ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

நான் கையில் நோட்டோடு நின்றேன். என் பக்கத்தில் மூங்கில் தொப்பி போட்டுக்கொண்டு சீனாம்மா. எதிரே ஏர் பூட்டிய இரண்டு மாடுகளைப் பிடித்தபடி மாடசாமி. அவருக்குப் பின்னால் அவர் மனைவி பேச்சி. பேச்சி அண்ணாச்சியைப் பார்க்கவில்லை, மாட்டையும் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன அத்தியாயத்தில் போகிற போக்கில் ‘சீனாம்மா வந்த வருஷம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டேன். யார் அந்தச் சீனாம்மா என்று நான்கு பேர் கடிதம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒருவர் நான் கற்பனை செய்கிறேன் என்கிறார். கற்பனை செய்யத் தெரிந்திருந்தால் நான் ஏன் முப்பத்தைந்து வருஷம் வாத்தியார் வேலை பார்த்தேன்?

பம்பாய்ச் சீனாக்காரி

சீனாம்மா சீனாக்காரர் இல்லை. பம்பாயில் பிறந்தவர். உதவித்தொகை வாங்கிக்கொண்டு சீனாவுக்குப் போய், ஒரு கிராமத்தில் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கி, அந்த ஊர்க் குடியானவர்கள் எப்படி வாழ்கிறார்கள், எப்படி மாறுகிறார்கள் என்று ஆராய்ச்சி செய்தவர். அங்கே ஆட்சி மாறி எல்லாம் தலைகீழான சமயத்தில் ஊர் திரும்பினார். சீனக் கிராமத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க நம் நாட்டில் ஒரு மானாவாரிக் கிராமம் வேண்டும் என்று தேடிக்கொண்டு எங்கள் சங்கரன்கோவிலுக்கு வந்தார்.

ஏன் சங்கரன்கோவில் என்று கேட்டேன். மண்ணையும் மழையையும் பார்த்துத் தேர்ந்தெடுத்ததாகச் சொன்னார். கொஞ்ச நாள் பழகிய பிறகு, ரயில் நிற்கிற ஊர் என்பதும் ஒரு காரணம் என்று ஒப்புக்கொண்டார்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. என் அப்பா தபாலாபீஸ் குமாஸ்தா. எங்கள் வீட்டு மாடியைச் சீனாம்மாவுக்கு வாடகைக்கு விட்டோம். நான் ஆசிரியைப் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்காகக் காத்திருந்தேன். இங்கிலீஷ் ஓரளவு வரும். மாடியில் இருப்பவருக்குத் தமிழில் ‘வேண்டாம்’, ‘காரம்’ என்ற இரண்டு சொல்தான் தெரியும். அப்பா என்னை மொழிபெயர்ப்பாளராகச் சேர்த்துவிட்டார். வேலை முடியும்போது சீனாம்மா ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுப்பார் என்று பேச்சு.

தினமும் காலை கரிவலம்வந்தநல்லூருக்குப் பஸ். அங்கிருந்து கிழக்கே வண்டிப்பாதையில் நடை. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், இந்தப் பத்திரிகையும் போகிறது.

சீனாவில் வாங்கிய அகலமான மூங்கில் தொப்பியை வெயிலுக்குப் போட்டுக்கொண்டு அவர் அந்த ஊருக்குள் நுழைந்தார். முதல் நாளே பெயர் விழுந்துவிட்டது. அவர் பம்பாய்க்காரர் என்று வீடு வீடாகச் சொன்னேன். எல்லோரும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, “சீனாம்மா மோர் குடிப்பாகளா?” என்று கேட்டார்கள்.

சைக்கிளில் வந்த முதல் ஆராய்ச்சி

உண்மையைச் சொன்னால், சீனக் குடியானவர்களைப் பற்றிய முதல் ஆராய்ச்சியை எங்கள் வீட்டில் செய்தது என் அம்மா.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சங்கரன்கோவிலுக்கு ஒரு சீனாக்காரர் வருவார். சைக்கிளில் பட்டுத்துணி மூட்டை. மடக்கினால் விசிறி, விரித்தால் மயில் என்று ஒரு காகிதச் சாமானும் வைத்திருப்பார். தமிழ் நன்றாகவே பேசுவார். “அக்கா, நல்ல பட்டு, கிழியாது” என்பார். அம்மா ஒரு தடவையும் வாங்கியதில்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் மூட்டை முழுவதையும் அவிழ்க்கச் சொல்லிப் பார்ப்பாள். அதற்கு ஈடாக ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பாள்.

ஒரு நாள், உங்க ஊரில் உங்க ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்டாள். விவசாயம் என்றார். என்ன போடுவீர்கள் என்றாள். நெல் என்றார். மழை உண்டா என்றாள். வந்தால் வெள்ளம், வராவிட்டால் இல்லை என்றார். அம்மா, “அப்ப நம்ம ஆளுதான்” என்று சொல்லி உள்ளே போய்விட்டாள்.

பின்னால் யுத்தம் வந்தது. அவர் வரவில்லை. சீனாம்மா ஒரு வருஷம் ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்தது அம்மா அன்றைக்குச் சொன்னதைவிட அதிகம் என்று எனக்குத் தோன்றவில்லை.

பதினான்காம் கேள்வி

சீனாம்மாவிடம் ஒரு கேள்வித்தாள் இருந்தது. அறுபது கேள்வி. எல்லாம் சீனக் கிராமத்துக்காகத் தயாரித்தவை. இந்த ஊருக்குத் தகுந்த மாதிரி மாற்றலாமே என்றேன். கேள்வி மாறினால் ஒப்பிட முடியாது என்றார். படித்தவர் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

பதினான்காம் கேள்வி: உங்கள் வீட்டில் எத்தனை பன்றிகள் இருக்கின்றன?

இதை நான் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடமும் கேட்க வேண்டியிருந்தது. ஊரில் பாதிப் புஞ்சை அவருடையது. முட்டையைக்கூட வீட்டுப் படியேற விடாத குடும்பம். நான் கண்ணை நோட்டில் வைத்துக்கொண்டு கேட்டேன். அண்ணாச்சிக்குக் காது வரைக்கும் சிவந்தது. ஆனால் மரியாதை தெரிந்த மனிதர். தொண்டையைச் செருமிக்கொண்டு, “தற்சமயம் இல்ல தாயி” என்றார். சர்க்கார் ஏதாவது திட்டம் வைத்திருக்குமோ என்று அவருக்குச் சந்தேகம்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. வந்தவர் முகத்துக்கு நேரே ‘இல்லை’ என்று சொல்ல மாட்டோம். கடையில் சாமான் இல்லாவிட்டால் ‘நாளைக்கு வரும்’ என்போம். கல்யாணத்துக்குப் போகிற உத்தேசமே இல்லாவிட்டால் ‘பார்ப்போம்’ என்போம். கேட்டவருக்கும் அர்த்தம் தெரியும், கோபித்துக்கொள்ளாமல் போய்விடுவார். சீனாம்மாவுக்குத்தான் இது பிடிபடவில்லை. ‘பார்ப்போம்’ என்பதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று என்னிடம் அலுத்துக்கொண்டார்.

நேராகப் பதில் சொன்ன ஒரே ஆள் பேச்சி. பஞ்சத்தில் உங்கள் முன்னோர் பிள்ளைகளை விற்றதுண்டா என்று ஒரு கேள்வி. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. முழுங்கி முழுங்கிக் கேட்டேன். பேச்சி பருத்தியிலிருந்து கையை எடுக்காமலே, “வாங்கதுக்கு ஆருட்ட என்ன இருந்துச்சு?” என்றாள். சீனாம்மாவுக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேச்சியைப் பார்த்தார்.

இருபத்தேழு

இருபத்தேழாம் கேள்விதான் முக்கியம் என்று சீனாம்மா அடிக்கடி சொல்வார். ‘இந்த நிலத்தை உழுவது யார்?’

கிணத்துப் புஞ்சை என்று பெயர் அந்த நிலத்துக்கு. நல்ல கரிசல். அண்ணாச்சிக்குச் சொந்தம். பேச்சியிடம் இருபத்தேழைக் கேட்டபோது, “நாங்கதான். பன்னெண்டு வருசமா” என்றாள். அதையும் நேராகத்தான் சொன்னாள். மாடசாமி பக்கத்தில் நின்று தலையை மட்டும் ஆட்டினார். அவர் மாட்டிடம் பேசுகிற அளவுக்கு மனிதர்களிடம் பேசுகிறவர் இல்லை. நான் எழுதிக்கொண்டேன்: மாடசாமி, பேச்சி, வாரம், பன்னிரண்டு வருஷம்.

வாரம் என்றால் விளைச்சலில் பாதி நிலக்காரருக்கு, பாதி உழுதவருக்கு. சோளத்தட்டையிலும் பாதி. அந்தத் தட்டையில்தான் மாடசாமியின் மாடுகள் உயிர் வாழ்ந்தன.

இதற்குக் காகிதம் கிடையாது. வாய்ப்பேச்சும் கிடையாது. சித்திரை முதல் தேதி வருஷத்தின் முதல் ஏர் பூட்டுவார்கள். பொன்னேர் என்று பெயர். அந்த ஊரில் எந்தப் புஞ்சையில் யார் பொன்னேர் பூட்டினாரோ, அந்த வருஷம் முழுக்க அந்தப் புஞ்சை அவர் உழவு. நிலக்காரர் வரப்பில் நின்று வெற்றிலையும் ஒரு கை விதையும் கொடுப்பார். அவ்வளவுதான் பத்திரம். இதையும் நான்தான் நோட்டில் எழுதினேன். நான்கு பக்கம், என் கையெழுத்தில், அடிக்கோடு போட்டு. இதை இங்கே சொல்வதற்குக் காரணம், எனக்குத் தெரியாது என்று பின்னால் யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம் என்பதுதான்.

சீனாம்மாவுக்கு ஒரு கவலை இருந்தது. அவர் ஆராய வந்தது மாறிவரும் கிராமத்தை. வந்து இரண்டு மாசமாகியும் ஊர் மாறுகிற வழியைக் காணோம்.

கத்தரிக்காயும் நான்கு மாதமும்

பங்குனிக் கடைசியில் ஒரு மத்தியானம் அண்ணாச்சி வில்வண்டி கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு பை பிஞ்சுக் கத்தரிக்காய். வாசுதேவநல்லூரில் அவர் மாமனாருக்குக் குளத்துப் பாசனம், அங்கே காய்த்தது என்றார். அம்மா காப்பி போட்டாள்.

சீனாம்மா மாடியிலிருந்து இறங்கி வந்தார். அண்ணாச்சி ஊர் மழை, உலக மழை எல்லாம் பேசி முடித்துவிட்டு, மெதுவாக விஷயத்துக்கு வந்தார். பேப்பரில் போட்டிருக்கிறான், சீனாவில் உழாதவன் நிலத்தையெல்லாம் பிடுங்கிவிட்டார்களாமே, நிஜமா என்று கேட்டார். இங்கேயும் சட்டம் வரப்போகிறது என்று பேச்சு; இந்தம்மா எழுதுவதெல்லாம் அதற்குத்தானோ என்று ஊரில் சொல்கிறார்கள் என்றார்.

தன் ஆராய்ச்சிக்கும் சர்க்காருக்கும் சம்பந்தமில்லை என்று சீனாம்மா சொன்னார். சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். சீனாவில் யாரை நிலப்பிரபு என்றார்கள், யாரைக் குடியானவர் என்றார்கள் என்று விளக்க ஆரம்பித்தார். தன் கையால் உழுபவர் நிலம் தப்பியது. பிறர் உழைப்பில் உட்கார்ந்து சாப்பிட்டவர் நிலம் போனது. நான் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தேன். அண்ணாச்சி காப்பியைக் கையில் வைத்திருந்தார், குடிக்கவில்லை.

“அப்ப உழுதவன்னு பேரு வாங்க எத்தன நாளு உழணும்?” என்று கேட்டார்.

சீனாம்மாவுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. இரண்டு மாசத்தில் ஆராய்ச்சி முறையைப் பற்றிக் கேள்வி கேட்ட முதல் மனிதர் அவர்தான். வருஷத்துக்கு நான்கு மாதமாவது உழைத்திருக்க வேண்டும் என்றார். ஏரின் கைப்பிடியான மேழியை ஒரு நாள் பிடித்துக் காட்டினால் கணக்கில் சேராது. அப்படிக் காட்டியவர்களைத் தானே அங்கே பார்த்திருப்பதாகச் சொன்னார். இதை அழுத்திச் சொல் என்று என்னிடம் தனியாகவும் சொன்னார்.

நான் அண்ணாச்சி பக்கம் திரும்பினேன். நெற்றியில் வேர்வை. பெரிய மனிதர், என் அப்பாவைவிட மூத்தவர், எங்கள் வீட்டு நாற்காலியில் நுனியில் உட்கார்ந்திருக்கிறார். கத்தரிக்காய் வேறு கூடத்தில் இருக்கிறது. அவர் முகத்தைப் பார்த்து நான்கு மாதம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

“ஒரு நாள் உழுதாலும் உழுததுதானாம் அண்ணாச்சி” என்றேன்.

“அப்படிச் சொல்லு” என்றார். காப்பியை ஒரே மூச்சில் குடித்தார்.

என்ன சொன்னார் என்று சீனாம்மா கேட்டார். நன்றாகப் புரிந்துகொண்டார் என்றேன். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில் எண்ணெய்க் கத்தரிக்காய். நானும் சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

பேச்சி வந்தாள்

பொன்னேருக்கு மூன்று நாள் முன்னால், காலையில் நான் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பேச்சி வந்து நின்றாள். கரிவலத்திலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். வீட்டைக் கண்டுபிடிக்கத் தபாலாபீஸில் விசாரித்திருக்கிறாள். உள்ளே வரச் சொன்னேன். வாசலிலேயே நின்றாள்.

“இந்த வருசம் பொன்னேரு மொதலாளிதான் பூட்டுதாகளாம். மாட்டையும் கலப்பையையும் மட்டும் கொண்டாங்கன்னு சொல்லிட்டாக” என்றாள். “சீனாம்மாதான் ஒரு நாளு உழுதா போதும்னு சொன்னாகளாமே. நெசமா டீச்சர்?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அண்ணாச்சி உழப்போவது ஒரு நாள். அந்த ஒரு நாள், ஊர் வழக்கப்படி ஒரு வருஷம். அந்த வருஷம் மாடசாமிக்கும் பேச்சிக்கும் வாரம் இல்லை, கூலிதான். நான்கு பக்கம் அடிக்கோடு போட்டு எழுதியவளுக்கு அது பேச்சி வந்து சொல்லித்தான் புரிந்தது. கோலமாவு கையில் அப்படியே இருந்தது.

பேச்சி அழவில்லை. வழியெல்லாம் யோசித்து ஒரு யோசனையோடு வந்திருந்தாள். “எழுதுற எடத்துல மொதலாளி பேரயே எழுதிக்கிடுங்க. எங்களுக்குப் பேரு வேண்டாம். பொன்னேரு மட்டும் எங்களோடதா இருக்கட்டும். சீனாம்மாட்டச் சொல்லி ஒரு வார்த்த பேசச் சொல்லுங்க” என்றாள்.

இவ்வளவு நல்ல யோசனையை அந்த ஊரில் வேறு யாரும் சொல்லவில்லை. நான் செய்ய வேண்டியதெல்லாம், மாடிக்குப் போய், நான் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று ஒரு வரி சொல்வதுதான். சொல்லியிருந்தால் சீனாம்மா அன்றைக்கே வண்டி வைத்துக்கொண்டு அண்ணாச்சியிடம் போயிருப்பார். அவருக்குப் பொய் பிடிக்காது. அதனால்தான் எனக்கு மாடிப்படி ஏறப் பயமாக இருந்தது. நற்சான்றுக் கடிதம் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

“பார்ப்போம் பேச்சி” என்றேன்.

அவளுக்கு அர்த்தம் தெரியும். எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். “சரி டீச்சர்” என்று போய்விட்டாள்.

மூன்று சுற்று

மறுபடியும் அந்தச் சித்திரைக் காலை.

மேழிக்கு மஞ்சள் தடவிப் பொட்டு வைத்திருந்தது. நார்ப்பெட்டியில் விதை. வெற்றிலை கொடுக்க வேண்டியவரே உழப்போகிறார் என்பதால் வெற்றிலையை யார் கொடுப்பது என்று சிறிது குழப்பம் ஏற்பட்டது. அண்ணாச்சி தாமே எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.

மேழியைப் பிடித்தார். மாடுகள் நகரவில்லை. “ஹே” என்றார். ஒரு மாடு மட்டும் திரும்பிப் பார்த்தது. வண்டிமாட்டுக்குச் சொல்கிற எல்லாவற்றையும் சொல்லிப் பார்த்தார். மாடசாமி கீழே பார்த்தபடி நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். மாடுகள் கிளம்பின.

சீனாம்மா பெட்டிக் காமிராவை எடுத்தார். படத்துக்குள் மாடசாமி வருகிறார், அவரை ஒதுங்கச் சொல் என்றார். நான் போய், “கொஞ்சம் அங்கன தள்ளி நில்லுங்க” என்றேன். மாடசாமி தள்ளி நின்றார். நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்துக்கொண்டிருந்தார். திருப்பத்தில் ஒரு சத்தம், நேராகப் போக ஒரு சத்தம். அண்ணாச்சி மேழியைப் பிடித்துக்கொண்டு மாட்டின் பின்னால் நடந்தார். உழுத சால் கோணவில்லை. மூன்று சுற்று முடிந்ததும் கையைப் பார்த்துக்கொண்டார், தோல் உரிந்திருந்தது. அதைச் சீனாம்மாவிடம் நீட்டிக் காட்டினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சீனாம்மா முகம் மலர்ந்திருந்தது. ஊர் மாறிவிட்டது, கண்ணெதிரே மாறியது என்றார். நிலக்காரர்களே ஏர் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்றார். மாடசாமிதான் உழுகிறவர், வழக்கம் இப்படி என்று சொல்லிப் பார்த்தேன். “இதுவரை அவர். இனிமேல்? நான் பார்த்ததைத்தானே எழுத முடியும்” என்று கேட்டார். மறுபடி இருபத்தேழாம் கேள்வியைக் கேட்டு வா என்றார். நான்கு மாதத்தை ஒரு நாளாக்கிய கதையை மட்டும் நான் சொல்லவில்லை.

மறுநாள் பேச்சியிடம் போய் நின்றேன். நான் கேட்பதற்கு முன்பே, “கூலின்னு எழுதிக்கிடுங்க. முன்ன சொன்னத அடிச்சிருங்க” என்றாள். அவள் எதிரிலேயே அடித்தேன். பேனா பேப்பரில் இழுபட்ட சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. வெட்கமாக இருந்தது. இன்றைக்கும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஊர் மாறியது ஆராய்ச்சியால் என்று சீனாம்மாவின் நோட்டில் எங்கும் இல்லை. அதற்கு அறுபதில் ஒரு கேள்வியும் கிடையாது.

அடுத்த சித்திரை

நற்சான்றுக் கடிதம் அருமையாக வந்தது. ‘சொன்னதைச் சொன்னபடி மொழிபெயர்ப்பவர்’ என்று அதில் ஒரு வரி. அந்தக் கடிதத்தோடு இளையரசனேந்தல் பள்ளியில் சேர்ந்தேன். அந்தக் கடிதத்தை நான் யாருக்கும் இரண்டாவது தடவை காட்டவில்லை.

மறு வருஷம் சித்திரை விடுமுறையில் அந்த ஊருக்குப் போனேன். பொன்னேர் நேரம். அண்ணாச்சி அந்த வருஷம் செருப்புப் போட்டுக்கொண்டே உழுதார். ஒரே சுற்று. மாடுகள் அதே மாடுகள்தான், ஆனால் இப்போது அண்ணாச்சி வீட்டு மாடுகள். தட்டை கிடைக்காமல் மாடசாமி விற்றுவிட்டிருந்தார். குரல் கொடுக்க மட்டும் அவரை நிறுத்தியிருந்தார்கள்.

பேச்சி பக்கத்துப் புஞ்சையில் வேர்க்கட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து நானும் பொறுக்கினேன். பொறுக்கிக்கொண்டே சொன்னேன். சீனாம்மா சொன்னது நான்கு மாதம். ஒரு நாள் என்று சொன்னது நான். வேண்டுமென்று செய்யவில்லை, அண்ணாச்சி முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை.

பேச்சி கை நிற்கவில்லை. அந்த வரிசை முடிகிறவரை பொறுக்கிவிட்டு நிமிர்ந்தாள்.

“நாலு மாசம்னு அன்னைக்கே சொல்லிருந்தீகன்னா, மொதலாளி மேழியத் தொட்டிருக்க மாட்டாகல்லா டீச்சர்” என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சரிபார்க்கிற மாதிரி சொன்னாள். நான் ஆமாம் என்றேன். முகத்துக்கு நேரே நான் சொன்ன முதல் நேரான பதில் அதுதான். ஒரு வருஷம் பிந்திவிட்டது. அவள் மண்ணைத் தட்டிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, கிளம்புங்கள் என்று சொன்னாள்.

அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கழித்து சீனாம்மாவின் புத்தகம் தபாலில் வந்தது. கனமான புத்தகம். முன் பாதி சீனக் கிராமம், பின் பாதி நம் கிராமம். முதல் பக்கத்தில் என் பெயருக்கு நன்றி. சங்கரன்கோவில் வட்டாரத்தில் நிலவுடைமையாளர்கள் தாமே உழவில் இறங்கிவருவது குறிப்பிடத்தக்க மாற்றம் என்று ஒரு பத்தி. எதிர்ப் பக்கத்தில் அந்தப் படம்.

படம் தெளிவாக வந்திருக்கிறது. அண்ணாச்சி நிமிர்ந்து மேழியைப் பிடித்திருக்கிறார். இரண்டு மாடுகளும் படத்துக்கு வெளியே ஒரே பக்கமாகக் காதைத் திருப்பிக்கொண்டு நிற்கின்றன. யார் குரலுக்கு என்று புத்தகத்தில் எழுதியிருக்கவில்லை.

படத்துக்குக் கீழே நான் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்: உழுதவர் மாடசாமி, பேச்சி, பன்னிரண்டு வருஷம். என் பிரதியில் மட்டும்தான் எழுத முடிந்தது. மற்றப் பிரதிகளில் எல்லாம் சங்கரலிங்கம் அண்ணாச்சிதான் இன்னும் உழுதுகொண்டிருக்கிறார்.